எட்டுக்காலுக்கு ஒரு போலீஸ்காரர் பெயர்!

ஒருவர் பெயர் நிலைத்து நிற்க நம் ஊரில் என்ன வழி? தெருவுக்கு வைக்கலாம். ஆட்சி மாறினால் போர்டு மாறும். கல்வெட்டில் பொறிக்கலாம். மூன்றே மாதத்தில் அதன்மேல் மூலம்-பௌத்திரம் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். கோயில் ட்யூப் லைட்டில் 'உபயம்' எழுதலாம். பெயர்தான் தெரியும், வெளிச்சம் வராது!

இந்தத் தொல்லையெல்லாம் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. எட்டுக்கால் பூச்சி!

சிரிக்காதீர்கள். மகாராஷ்டிராவில் தாணே - கல்யாண் பகுதியில் கிடைத்த ஒரு தாவும் சிலந்திக்கு 2021-ல் 'இசியஸ் துக்காராமி' என்று பெயர் வைத்தார்கள். துக்காராம் யார் என்பதற்கு முன்னால், சிலந்தியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இந்த வகையறாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் ஓரத்தில் குட்டியாக உட்கார்ந்திருக்கும். பென்சிலை நீட்டினால் ஓடாது. சட்டென்று திரும்பி, லேட்டாக வந்த குமாஸ்தாவை மானேஜர் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கும். மொத்தம் எட்டுக் கண். முன்னால் நாலு, அதில் நடுவில் இருக்கும் இரண்டும் கார் ஹெட்லைட் சைஸ்! வலை கட்டி, சாப்பாடு தானாக வந்து விழட்டும் என்று காத்திருக்கிற சோம்பேறித்தனம் கிடையாது. பதுங்கிப் போய் ஒரே பாய்ச்சல். ஈயைப் புலி மாதிரிப் பிடிப்பதால் 'ஈப்புலி' என்றும் சொல்வதுண்டு.

தாவுவதற்குத் தவளை மாதிரி பெரிய தொடை இல்லை. உடம்புக்குள் இருக்கும் திரவத்தை அழுத்தத்தோடு கால்களுக்குத் தள்ளி, 'சடக்'கென்று நீட்டுகிறது. மண் அள்ளும் எந்திரத்தின் கை நீளுவதும் இதே ஹைட்ராலிக் சமாசாரம்தான். தாவும் முன் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் கிளம்பும். தவறினாலும் தரையில் விழாது. சொந்த இன்ஷூரன்ஸ்!

தாவும் சிலந்தியில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. 'இது புதுசு' என்று சும்மா சொல்லிவிட முடியாது. கலரும் கோடும் போதாது. ஆண் சிலந்தியின் முகத்தருகே இரண்டு சின்னக் கை மாதிரி இருக்கும். அதன் நுனி அமைப்பு இனத்துக்கு இனம் வேறு. மைக்ராஸ்கோப்பில் வைத்து, மில்லிமீட்டரில் அளந்து, படம் வரைந்து, ஏற்கெனவே தெரிந்த உறவுக்காரர்களோடு ஒப்பிட்டு, எங்கே வித்தியாசம் என்று எழுத வேண்டும். மாதிரிச் சிலந்தியைப் பத்திரமாகச் சேமித்து வைக்க வேண்டும். பி.காம். படித்த என் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கிடையாது!

துருவ் பிரஜாபதி, ஜான் காலெப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இத்தனையும் செய்து, ரஷ்யாவிலிருந்து வரும் 'ஆர்த்ரோபோடா செலக்டா' இதழில் வெளியிட்டார்கள். கண்டுபிடித்தவர்களுக்குச் சம்பளத்தில் இன்க்ரிமென்ட் வருமோ என்னவோ, பெயர் வைக்கும் உரிமை மட்டும் நிச்சயம். அவர்கள் நினைத்தது ஒரு போலீஸ்காரரை.

2008 நவம்பர் 26. மும்பை எரிந்துகொண்டிருந்த ராத்திரி. கிர்காவ் சௌபாத்தியில் தடுப்பு போட்டு நின்ற போலீஸார் ஒரு காரை மறித்தார்கள். உள்ளே இரண்டு பயங்கரவாதிகள். ஒருவன் சுடப்பட்டுச் செத்தான். இன்னொருவன் அஜ்மல் கசாப், கையில் ஏகே-47. அசிஸ்டென்ட் சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேயிடம் இருந்தது லத்தி. மனிதர் பாய்ந்துபோய்த் துப்பாக்கிக் குழலையே பிடித்துக்கொண்டார். அது வெடித்தது, வெடித்துக்கொண்டே இருந்தது. அவர் பிடியை விடவில்லை. சக போலீஸார் கசாப்பை அமுக்கிவிட்டார்கள். வந்த பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்டவன் அவன் ஒருவன்தான். சதி எங்கே தீட்டப்பட்டது என்பது வெளியே வந்ததற்கு அந்தப் பிடி முக்கியக் காரணம். ஓம்ப்ளே உயிர் பிழைக்கவில்லை. 2009-ல் அசோக் சக்கரா கொடுத்தார்கள்.

ஆயுதம் இல்லாமல் பாய்ந்தவருக்கு, வலை இல்லாமல் பாய்கிற பிராணி. பொருத்தம் பார்த்துத்தான் வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பெயரை எந்த அரசாங்கமும் ஜி.ஓ. போட்டு மாற்ற முடியாது. நாளைக்கு ஆராய்ச்சியாளர்கள் 'இசியஸ்' பேரினத்திலிருந்து வேறு பேரினத்துக்கு மாற்றினாலும் இனிஷியல்தான் மாறும், 'துக்காராமி' கூடவே போகும். டூப்ளிகேட் என்று நிரூபித்தாலொழிய யாரும் அடிக்க முடியாத என்ட்ரி அது.

ஆகவே, அடுத்த தடவை தாணே பக்கம் ஆபீஸ் டூர் போய், சுவரில் குட்டியாக ஒன்று முறைத்துப் பார்த்தால், செருப்பைக் கழற்றாதீர்கள். முதலில் பெயரை விசாரியுங்கள். ஒருவேளை போலீஸாக இருக்கலாம்!