குண்டு எங்கே நிற்கும்?

கல்வராயன் மலைக்குப் போய் வருகிறவர்கள் கடுக்காயைப் பற்றியும் மலைத் தேனைப் பற்றியும் மேகம் அருவியைப் பற்றியும் பேசிக்கொண்டு திரும்புவது வழக்கம். நாமும் அப்படியே திரும்பியிருப்போம். ஆனால் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் நாம் கண்ட கேழ்வரகுக் குதிர் ஒன்று நம் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அந்தக் குதிரின் வயிற்றில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதற்கு நேர் எதிரே, மண் பூசிய வரிச்சுச் சுவரிலும் அதே போன்ற ஒரு துவாரம்.

நடந்த விஷயம் இதுதான். அடுத்த வீட்டு வாலிபன் தன் கொல்லையில் வேலிக்கால் மேல் ஒரு சுரைக்குடுக்கையைக் கவிழ்த்து வைத்து, நாட்டுத் துப்பாக்கியால் குறி பழகிக்கொண்டிருந்தான். குறி தவறிற்று. குடுக்கை அப்படியே இருந்தது. ஈயக்குண்டு மட்டும் வேலியைத் தாண்டிச் சுவரைத் துளைத்துக் குதிருக்குள் போய்ப் புதைந்தது. அந்த வீட்டு அம்மாள் அப்போதுதான் தானியம் அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்திருந்தாள்.

"அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"என்னத்தைச் செய்யறது, வாத்தியாரய்யா? கத்தினேன். 'அத்தை, இனிமே பார்த்துச் சுடறேன்'னான். மறு வாரமே திரும்பவும் சத்தம் கேட்டுது. எங்க அண்ணன் மகன் ஆச்சே! அவன் மேலே போலீசுக்குப் போனா நாளைக்கு எந்த முகத்தோட அண்ணன் வீட்டுப் படி ஏறுவேன்?"

இந்தப் பதிலில் அடங்கியிருக்கும் சங்கடத்தை நேயர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அயலான் வேலியை நகர்த்தினால் ஊர்க்கவுண்டரிடம் முறையிடலாம். அயலான் ஆடு நம் சாமையை மேய்ந்தால் ஈடு கேட்கலாம். ஆனால் அயலான் கையிலிருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் இல்லாததாயிருந்தால், அவனைப் பற்றி வாயைத் திறப்பதே அவனைச் சிறைக்கு அனுப்புவதாகிவிடும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, சாதாரணமாக இரண்டு வருஷத்துக்குக் குறையாமலும் ஐந்து வருஷம் வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. கொல்லையில் குறி பழகுவதை நிறுத்தவேண்டும் என்பதுதான் அத்தையின் ஆசை. மருமகனை இரண்டு வருஷம் சிறையில் அடைப்பது அல்ல. ஆகவே அவள் பேசாதிருக்கிறாள். குண்டும் பறந்துகொண்டிருக்கிறது.

மலைவாசிகள் கையில் துப்பாக்கி ஏன் என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்பது எளிது. மலையில் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்துவிட்டு, ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டத்துக்குப் பறிகொடுத்தவனைக் கேட்டால் காரணம் தெரியும். மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 1976-ஆம் வருஷத்தில்தான் சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்த மலை இது. கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானதே 2019-ல்தான். சட்டம் மலை ஏறி வருவதற்கு முன்பே துப்பாக்கி ஏறி வந்துவிட்டது.

துப்பாக்கியின் சேதியில் நம் தேசத்துக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்றும் உண்டு. 1878-ஆம் வருஷத்தில், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் பிறந்தது. வெள்ளைக்காரருக்கு விலக்கு, சொந்த நாட்டானுக்கு விலங்கு! 1887-ல் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அச்சட்டத்தைத் தளர்த்தவேண்டும் என்று தீர்மானம் செய்தது. 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகளின் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, பாரத அரசியல் நிர்ணய சபை என்ன செய்தது? 1948-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் எச். வி. காமத் அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமைதான் சட்டத்தில் இடம்பெற்றது. இது முரண்பாடு போலத் தோன்றும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நியன் நம்மை நம்பாமல் ஆயுதத்தைப் பறித்தது அவமானம். சுதந்திரம் பெற்ற பிறகு, அண்டை வீட்டானின் உயிரை உத்தேசித்து நாமே நமக்கு எல்லை வகுத்துக்கொள்வது கௌரவம்.

அந்த எல்லை ஏன் வேண்டும் என்பதைக் குண்டின் இயல்பே சொல்லும். சுடுகிறவன் கண் குடுக்கையோடு நின்றுவிடுகிறது. குண்டு அதோடு நிற்பதில்லை. மிகச் சிறியது என்று கருதப்படும் 0.22 அங்குலத் துப்பாக்கிக் குண்டு கூட ஒரு மைலுக்கு மேல் பாய வல்லது. பிள்ளைகள் விளையாட்டாக எடுக்கும் காற்றுத் துப்பாக்கியின் ரவை முந்நூறு கெஜம் வரையில் போகக்கூடும். கல்வராயனிலோ பாறைக்குப் பஞ்சமில்லை. சாய்வாகப் பாறையில் பட்ட குண்டு தெறித்துத் திசை மாறி ஓடும். அது எங்கே போகும் என்பதைச் சுட்டவனாலும் சொல்ல முடியாது.

இது வீண் பயம் என்று நினைக்கிறவர்கள் புதுக்கோட்டை ஜில்லாவிலுள்ள நார்த்தாமலையை நினைத்துப் பார்க்கட்டும். விஜயாலய சோழீச்சுரத்தால் புகழ் பெற்ற அந்த ஊருக்கு அருகில், பாதுகாப்புப் படையினர் குறி பழகும் மைதானம் ஒன்று இருந்தது. 2021-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி அங்கே பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, வெகு தூரத்தில் தன் பாட்டனார் வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்தும் பலனின்றி, 2022 ஜனவரி 3-ஆம் தேதி அந்தக் குழந்தை உயிர் நீத்தது. தேர்ச்சி பெற்ற அதிகாரிகளின் மேற்பார்வையில், குறி பழகுவதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் இப்படி நேர்ந்ததென்றால், வேலிக்காலும் சுரைக்குடுக்கையும் எம்மாத்திரம்?

குறி பார்த்துச் சுடும் கலையை நாம் இகழவில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகப் போட்டிகளில் தங்கம் வாங்கியபோது நம் நெஞ்சும் நிமிர்ந்தது. 2008-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா தம் வீட்டிலேயே பயின்றவர்தான். ஆனால் அவர் பயின்றது அதற்கென்றே கட்டிய உள்ளரங்கத்தில்; காற்றுத் துப்பாக்கியின் ரவை பத்து மீட்டர் தூரத்தில் சுவருக்குள் அடங்கிவிடும். வீட்டில் பழகுவதா, வெளியில் பழகுவதா என்பது கேள்வியே அல்ல. குண்டு எங்கே நிற்கும் என்பது சுடுவதற்கு முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியாதவனுக்கு விசையை இழுக்க உரிமை இல்லை.

இந்த நியாயத்தைச் சட்டமும் ஒப்புகிறது. லைசென்ஸ் இருந்தாலும், பிறர் உயிருக்கு அபாயம் நேரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு வருஷம் வரையில் சிறையோ, லட்ச ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் கூறுகிறது. ஒருவருக்கும் காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. அபாயம் விளைவித்ததே குற்றம். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் குதூகலத்துக்காகச் சுடுவதும் இதில் அடங்கும்.

பயிரைக் காக்க வழி என்ன என்று மலைவாசி கேட்பான், கேட்க வேண்டியதுதான். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த லைசென்ஸ் வன விலங்கைக் கொல்வதற்கு அனுமதி அல்ல. வன விலங்குகளுக்கு 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தனியே இருக்கிறது. பன்றி தின்ற பயிருக்கு நஷ்ட ஈடு காலாகாலத்தில் கைக்கு வருமானால், பாதித் துப்பாக்கிகள் தாமாகவே கீழே இறங்கிவிடும். சட்டத்தை மலை ஏற்றும் சர்க்கார், அதன் சகாயத்தையும் கூடவே ஏற்றவேண்டாமா?

அதுவரையில் அத்தை என்ன செய்வது? மலைப் பிரதேசங்களில், குறித்த நாளுக்குள் கள்ளத் துப்பாக்கிகளை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அப்படிப்பட்ட அவகாசம் வரும்போது, தனி மனிதர்களுக்கு விட்டுவிடாமல் ஊரே கூடிப் பேசி, எல்லோரும் ஒரே நாளில் ஒப்படைப்பது நலம். அப்போது யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற பேச்சுக்கு இடமிராது. உறவும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும். லைசென்ஸ் உள்ளவர்களுக்கும் ஊர் ஒரு கட்டுப்பாடு செய்யலாம்: வீடுகள் இருக்கும் திசையில், எந்தக் காரணத்தை முன்னிட்டும், துப்பாக்கியைத் திருப்பக் கூடாது. இதற்குப் பணம் செலவில்லை. ஊர்க்கவுண்டரின் ஒரு வார்த்தை போதும்.

நாம் விடைபெற்றபோது அந்தக் குதிரின் துவாரம் அடைபடாமலே இருந்தது. "ஒரு பிடி களிமண் வைத்துப் பூசிவிடக் கூடாதா, அம்மா?" என்றோம்.

"வேணாம் ஐயா. மருமகன் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அதைப் பார்க்கட்டும்" என்றாள் அந்த அம்மாள்.

அவன் பார்ப்பான் என்றே நாமும் நம்புகிறோம். அத்தையின் உள்ளத்தில் அன்பு குறையவில்லை. அந்த அன்பைக் கேடயமாகக் கொண்டு அவன் இன்னொரு முறை விசையை இழுக்காதிருப்பானாக!