ஸ்டார்ட் ஆகாத ஜெட் ஸ்கீ

1973-ஆம் ஆண்டில் கவாசாகி நிறுவனத்தார் ‘ஜெட் ஸ்கீ’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்த நீரூர்தியும், அதன் பின் வந்த பிற நிறுவனங்களின் ஊர்திகளும், வட அமெரிக்க ஏரிக்கரைகளில் குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் முடங்கிக் கிடந்து, வசந்தத்தில் மறுபடி நீரில் இறக்கப்படும் நாளில்தான் பெரும்பாலும் தகராறு செய்கின்றன. பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. உடனே ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றிவிடத் துடிக்கிறவர்கள் அநேகர். அது வீண் செலவாகவே முடிவது வழக்கம்.

முதற்கண் ஆசனத்தைக் கழற்றிச் சற்று நேரம் காற்றாட விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானதாகையால் படகின் அடிவயிற்றில் தங்கி, ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும்.

மின்சாரம் இங்கே இரு பாதைகளில் செல்கிறது. ஓட்டுபவர் தவறி நீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகின்ற கயிற்றுச் சாவி, பியூஸ், பொத்தான் ஆகியவற்றின் வழியே சொற்ப மின்சாரம் சென்று ரிலேயை இயக்க, அந்த ரிலே பேட்டரியின் முழு பலத்தையும் தடித்த கேபிள் வழியே மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. சத்தமே எழாவிட்டால் முதற் பாதையையும், பேட்டரி முற்றிலும் செத்துக் கிடக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். (சீ-டூ என்ற மற்றொரு நீரூர்தி வகையின் பல மாதிரிகளில், சாவியை மாட்டியதும் வரவேண்டிய இரண்டு ‘பீப்’ ஒலிகளைக் கேட்டாலே பாதி விசாரணை முடிந்துவிடும்.) ‘டிக் டிக் டிக்’ என்று படபடத்தால் பேட்டரியில் சத்தில்லை, ஒரே ‘டிக்’ என்றால் சந்தேகம் தடித்த பாதையின்மேல் விழ வேண்டும்.

பேட்டரியை மீட்டர் வைத்து அளந்து, 12.6 வோல்ட் காட்டுகிறதே என்று திருப்தியடைவோர் ஏமாறுகிறார்கள். சும்மா இருக்கையில் அது காட்டும் அளவு பெரிதன்று. பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கையில் 9.5-க்குக் கீழே இறங்கிவிடுமானால், அந்தப் பேட்டரியை நன்றாகச் சார்ஜ் ஏற்றிப் பார்த்து, பிறகும் அப்படியே இறங்கினால் மாற்றிவிடுவதே நலம். அது தாங்கி நின்றும் மோட்டார் சுழலவில்லையெனில், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையின் மீதே, அதை இறுக்கும் கேபிள் முனையின் மீதல்ல, வைத்து, மறு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் பொருத்தி, பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மின்சாரம் திரும்பிவரும் எர்த் கேபிளில்தான் கோளாறு. மேலே பளபளவென்று இருக்கும் கேபிளின் ரப்பர் உறையை முனையருகே சற்று உரித்தால், செம்பு முழுவதும் பச்சைப் பொடியாய் உதிர்வதைக் காணலாம். உப்பு நீரில் ஓடிய ஊர்தியாயின் சொல்லவே வேண்டாம். பாசிட்டிவ் பக்கத்துக்கும் இதே பரீட்சைதான். ரிலேயின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்துப் பார்க்கும் சாகசத்தை மட்டும், பெட்ரோல் ஆவியை நினைத்து, விட்டுவிடுக.

மின்கோளாறு போலவே வேஷமிடும் மற்றொன்றும் உண்டு. படகு கவிழ்ந்து சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், நீர் அமுங்காதாகையால், பிஸ்டன் ‘தொம்’மென்று முட்டி நின்றுவிடும், பேட்டரியும் கேபிளும் குற்றமற்றவையாயிருக்க, மேலும் மேலும் பொத்தானை அழுத்துகிறவன் உள்ளே பிஸ்டனோடு இணைந்த இரும்புத் தண்டை வளைத்துக்கொள்ளவும் கூடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் கம்பிகளை எர்த்தில் மாட்டிப் பொறி எழாதபடி செய்து, பிறகு மோட்டாரைச் சுழற்றினால் நீர் பீறிட்டு வெளியேறும். துருவேறுமுன் எண்ணெய் தெளித்து, பிளக்குகளைப் பூட்டி, அன்றைக்கே எஞ்சினை ஓட்டிவிட வேண்டும்.