பத்தடி அறைக்கு எத்தனை ஸ்பீக்கர்?

மதுரைப் பக்கம் திருவிழாவுக்கு மைக்செட் சொன்னாலே முதல் பேச்சு, எத்தனை பாக்ஸ் என்பதுதான். திறந்தவெளிக்கு அந்தக் கணக்கு சரி. எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்களும் இதே கணக்கோடு கிளம்புவதுதான் சிக்கல். மேடையில் பார்க்கும் பெரிய கேபினெட்டில் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு இருக்கும்; அது இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும் என்று நினைக்கிறார்கள். கோரிப்பாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டின் பத்தடி அறைக்கு அது வீண் செலவு. பல நேரம் பதிவையும் அதுவே கெடுக்கும்.

பதிவில் விழுவது முழுப் பெட்டியின் சத்தமல்ல. ஷூர் எஸ்எம்57 போன்ற மைக்கை ஒரே ஒரு ஸ்பீக்கரின் முன், துணியை ஒட்டி வைப்பதுதான் வழக்கம். மற்ற மூன்றும் அந்த மைக்குக்குப் பெரும்பாலும் வெறும் பக்கவாத்தியம். மைக்கைக் கூம்பின் நடுவுக்கு நேராக வைத்தால் சத்தம் குத்தும். ஓரமாக இரண்டு அங்குலம் தள்ளினாலே மழுங்கி இதமாகிவிடும். எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் 1970இல் மயாமியில் ‘லெய்லா’ ஆல்பத்துக்கு வாசித்தபோது பயன்படுத்தியவை ஃபெண்டர் சாம்ப் போன்ற குட்டி ஆம்ப்கள். சாம்பில் இருப்பது எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று.

பெரிய பெட்டியில், அதுவும் பின்பக்கம் மூடிய பெட்டியில், அடிச்சத்தம் கனமாக இருக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த அடிச்சத்தத்தை அறை சும்மா விடாது. பத்தடி நீள அறை சுமார் 57 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 115 ஹெர்ட்ஸ் பக்கமும் தானாகவே அதிரும். கிட்டாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ். ஆக, அதைத் தொட்டபோதெல்லாம் அறையும் சேர்ந்து முழங்கும். பாட்டில் பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் இடம் விட, மிக்சிங்கில் கிட்டாரின் அடிப்பகுதியை எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதை வெட்டி எறிவானேன்? வாட்டைக் குறைத்தால் அக்கம்பக்கம் தப்பிக்கும் என்பதும் பாதி உண்மைதான். 30 வாட் 15 ஆனால் குறைவது 3 டெசிபல். காதுக்கு அது பெரிய வித்தியாசமில்லை. நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே, ஒரு மீட்டர் தூரத்தில், நூறு டெசிபலைத் தொடும்.

அதற்காகப் பெட்டியே வேண்டாம் என்று ஆம்பிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்தால் டிஸ்டார்ஷன் ஈ மொய்ப்பதுபோல் இரையும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தைச் சட்டென்று விழவைக்கிறது. அந்த வடிகட்டல்தான் நமக்குப் பழகிய கிட்டார் ஒலி. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர்., அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு ஸ்டூடியோவில் குறிப்பிட்ட பெட்டி, குறிப்பிட்ட மைக், அது நின்ற இடம் எல்லாம் சேர்ந்து ஒலியை மாற்றும் விதத்தை அளந்து வைத்த சின்னக் கோப்பு அது. செலஸ்ஷன் கிரீன்பேக்கின் மென்மை வேண்டுமா, விண்டேஜ் 30இன் தூக்கலான நடுச்சத்தம் வேண்டுமா என்பதை வாசித்து முடித்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். கோரிப்பாளையம் சந்திப்பின் ஹாரனும் ராஜாஜி மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸும் பதிவில் ஏறாது, ஏனென்றால் அறையில் மைக்கே கிடையாது.

இது போலி என்ற ஆட்சேபத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. உரக்க வைத்த ஸ்பீக்கரின் அதிர்வு தந்தியைத் திரும்பத் தொட்டு, சுரத்தை நீட்டிக்கொண்டே போகும். கோப்பால் அது முடியாது. ஸ்பீக்கர் திணறும்போது பிறக்கும் முரட்டுத்தனமும் அதில் வராது. அப்படிப்பட்ட வாசிப்புக்கு, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுள்ள, பின்பக்கம் திறந்த சின்னப் பெட்டி போதும். பகலில், அதைச் சுற்றி மெத்தையை நிறுத்தி வாசிக்கலாம். டியூப் ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஐ.ஆர். வழிக்கு வரும்போது, ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்போடு இணைக்கும் லோடு பாக்ஸில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஸ்பீக்கரும் இல்லாமல் லோடும் இல்லாமல் டியூப் ஆம்பை ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடலாம். எட்டு ஓம் வெளியீட்டுக்கு எட்டு ஓம் லோடுதான் பொருத்தம்.