சித்திரை மழையும் ஐதராபாத் பயணமும்

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டாயிற்று. பிள்ளைகள் ஊருக்குப் போகத் துடிக்கிறார்கள். ஐதராபாத்தில் வேலை செய்யும் மகனையோ மகளையோ பார்க்கச் சிலர் கிளம்புகிறார்கள். சிலர் அங்கே உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகிறார்கள். கட்டட வேலைக்குப் போனவர்களைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. செகந்திராபாத்தில் பல தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கிறார்கள். அதனால் அது நமக்கு அந்நியமான ஊர் இல்லை.

"பங்குனி, சித்திரை என்றால் வெயில்தானே? குடை எதற்கு?" என்று நாம் நினைப்போம். நம் பக்கத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் ஐதராபாத் வேறு மாதிரி. அங்கே மார்ச் முதல் மே வரை திடீர் திடீரென்று மழை வரும். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். மாலை நாலு மணிக்கு மேல் வானம் கறுக்கும். முதலில் புழுதிக் காற்று. பிறகு இடி, மின்னல், மழை. சில நாள் ஆலங்கட்டியும் விழும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மறுநாள் ஒரு சொட்டுக்கூட இருக்காது.

காற்றோடு வரும் இந்த மழையைத் தெலுங்கில் 'காலி வான' என்கிறார்கள். 'காலி' என்றால் காற்று. 'வான' என்றால் மழை. ஆலங்கட்டி மழைக்கு 'வடகண்ட்ல வான' என்று பெயர். இந்த இரண்டு சொல்லையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது பாதி புரிந்துவிடும்.

இந்த மழை ஏன் வருகிறது? ஐதராபாத் தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கும் அதிக உயரம். எங்கும் பாறை. கோடையில் தரை நன்றாகச் சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழுகிறது. வங்கக் கடலிலிருந்து ஈரக் காற்று வந்து அதோடு சேருகிறது. ஈரக் காற்று மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகிறது. மேகம் கோபுரம் போல உயர்ந்து நிற்கும். அதன் உச்சியில் நீர் உறைந்துவிடும். அதனால்தான் வெயில் காலத்திலும் பனிக்கட்டி விழுகிறது. 2023 மார்ச் 16 அன்று ஐதராபாத்துக்கு மேற்கே உள்ள விகாராபாத் மாவட்டத்தில் ஆலங்கட்டி கொட்டியது. சாலையும் வயலும் வெள்ளைத் துணி விரித்தது போல் ஆயின. பார்க்க அழகுதான். பயிர் வைத்தவருக்கு அது அழகில்லை. மரத்தில் இருக்கும் மாங்காய் உதிர்ந்துவிடும். அறுத்துக் குவித்த நெல் நனைந்துவிடும்.

சரி, எந்த நாள், எந்தத் தெருவில் மழை வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? உலைத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். அடுப்பு எரிகிறது. தண்ணீர் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் முதல் குமிழி பானையில் எந்த இடத்தில் கிளம்பும் என்று சொல்ல முடியுமா? இந்த மேகமும் அப்படித்தான். ஓரிரு மணி நேரத்தில் உருவாகும். சில கிலோமீட்டர் அகலந்தான் இருக்கும். குகட்பள்ளியில் கொட்டும்போது சார்மினாரில் தரை காய்ந்து கிடக்கும். ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை வரும். அது வேறு மழை. அது நாடு முழுக்க வருவதால் அதன் வரவை ஓரளவு முன்பே சொல்லிவிடலாம்.

செய்தித்தாளில் ஒரு கணக்கு போடுவார்கள். ஐதராபாத்தில் ஏப்ரல் மாதம் முழுவதும் சராசரியாகச் சுமார் 20 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தால் சுமார் 800 மில்லிமீட்டர். எங்கள் வகுப்பில் மில்லிமீட்டர் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். "மழையை ஸ்கேல் வைத்தா அளப்பது?" என்று கேட்டார்கள். ஆமாம், ஸ்கேல் வைத்துத்தான்! ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தொட்டியை வெட்டவெளியில் வையுங்கள். 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் 1 லிட்டர் தண்ணீர் சேரும். 20 மில்லிமீட்டர் என்றால் 20 லிட்டர். ஒரு தண்ணீர் கேன் அளவு.

மாதம் முழுவதற்கும் ஒரு கேன் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. அந்த 20 மில்லிமீட்டரும் ஒரே மாலையில் கொட்டிவிடலாம். சில ஆண்டுகளில் அதற்கு மேலும் கொட்டும். ஐதராபாத் ஏரிகளின் ஊர். பல ஏரிகள் சுருங்கி வீடுகளாகிவிட்டன. தண்ணீர் ஓடும் பெரிய வடிகால்களை அங்கே 'நாலா' என்பார்கள். அவையும் குறுகிவிட்டன. அதனால் அரை மணி நேர மழைக்கே சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

இந்தத் தண்ணீரை லேசாக எண்ணாதீர்கள். 2023 ஏப்ரல் 29 காலையில் செகந்திராபாத் கலாசிகுடாவில் ஒரு சிறுமி பால் வாங்கப் போனாள். மழைத் தண்ணீரில் திறந்திருந்த நாலா தெரியவில்லை. உள்ளே விழுந்து இறந்துபோனாள். 2024 மே 7 அன்று மாலை பெருமழை பெய்தது. பாச்சுபள்ளியில் கட்டட வேலை நடந்த இடத்தில் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். எல்லாரும் வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பத்தினர். பருவமழை தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. கோடை மழைதானே என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆகவே தண்ணீர் தேங்கிய சாலையில் நடக்க வேண்டாம். அடியில் மூடி திறந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மேடான இடத்தில், கடை வாசலில் நின்று வடியும்வரை காத்திருங்கள். ஈரானி டீக்கடை ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டீ, இரண்டு உஸ்மானியா பிஸ்கட், மழையும் விட்டுவிடும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் உறவினர் தங்கியிருந்தால், அவர் குடிசைக்குப் பக்கத்தில் பெரிய மதில் சுவரோ, தோண்டிய பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மழை நேரத்தில் அங்கே படுக்க வேண்டாம். மேஸ்திரியிடம் வேறு இடம் கேளுங்கள். கேட்க வெட்கப்படக் கூடாது.

இனி ஊர் சுற்றுவதற்கு வருவோம். மழை பெரும்பாலும் மாலையில் வருகிறது அல்லவா? அப்படியானால் திறந்த வெளியில் பார்க்க வேண்டியதைக் காலையில் பார்த்துவிடுங்கள். கூரைக்குக் கீழே பார்க்க வேண்டியதைப் பிற்பகலுக்கு வையுங்கள். பயணத் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். இது ஒன்று போதும்.

காலையில் முதலில் கோல்கொண்டா கோட்டைக்குப் போங்கள். அது கருங்கல் குன்றின் மேல் உள்ள கோட்டை. முன்னூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். கீழே வாசல் மண்டபத்தில் நின்று கை தட்டினால் உச்சியில் கேட்கும். பிள்ளைகள் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன் இறங்கிவிடலாம். மாலையில் ஏறுவது நல்லதில்லை. உச்சியில் ஒதுங்க இடம் குறைவு. மின்னல் உயரமான இடத்தைத்தான் முதலில் தேடும். அங்கே இரவில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. அதுவும் திறந்த வெளியில்தான். மழை வராவிட்டால் பார்க்கலாம்.

பிற்பகலுக்கு சாலார் ஜங் அருங்காட்சியகம் சரியான இடம். மூசி ஆற்றங்கரையில் இருக்கிறது. காலை 10 முதல் மாலை 5 வரை பார்க்கலாம். அங்கே ஒரு பழைய கடிகாரம் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் தாடி வைத்த சின்ன பொம்மை வெளியே வந்து மணி அடிக்கும். அதைப் பார்க்க ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். முழுவதும் பார்க்க அரை நாள் ஆகும். வெளியே எவ்வளவு கொட்டினாலும் கவலை இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. சௌமகல்லா அரண்மனைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. உயிரியல் பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மழைக்குப் பயந்து நாளை மாற்றும்போது இந்த விடுமுறையில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மூசி ஆற்றைப் பாலத்திலிருந்து பார்த்தால் இதுவா ஆறு என்று தோன்றும். 1908 செப்டம்பர் 28 அன்று, புரட்டாசி மழையில், இதே ஆறு பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறி நின்று சுமார் 150 பேர் பிழைத்தார்கள். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அந்த மரத்தை இன்றும் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்து யோசனை கேட்டார்கள். 1920இல் உஸ்மான் சாகரும், 1927இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிந்தன. ஊருக்குக் குடிநீரும் கிடைத்தது.

1591இல் கட்டிய சார்மினாரை எப்போது பார்த்தாலும் அழகு. காலையில் போனால் கூட்டம் குறைவு. பலத்த காற்றும் மழையும் வந்தால் அதன் அடியில் ஒதுங்காதீர்கள். 2025 ஏப்ரல் 3 அன்று பெய்த மழையில் ஒரு மினாரிலிருந்து சுதை வேலைத் துண்டு பெயர்ந்து விழுந்தது. பக்கத்தில் லாட் பஜார் வளையல் கடைகள் இருக்கின்றன. அங்கே ஒதுங்கலாம். பர்சுக்கு ஆபத்து, அவ்வளவுதான்.

உசேன் சாகர் ஏரியின் நடுவில் ஒரே கல்லால் ஆன புத்தர் சிலை நிற்கிறது. உயரம் சுமார் 18 மீட்டர். 1990இல் படகில் ஏற்றிப் போகும்போது ஏரிக்குள் மூழ்கி, 1992இல் மீட்டு நிறுத்திய சிலை அது. படகில் போய்ப் பார்க்க வேண்டும். மாலைக் காற்று நன்றாக இருக்கும் என்று எல்லாரும் மாலையில்தான் போவார்கள். வானம் கறுத்திருந்தால் படகு ஏற வேண்டாம். பிள்ளை அழுதாலும் வேண்டாம்.

மின்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நாமே கணக்குப் பார்க்கலாம். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். ஒவ்வொரு மூன்று எண்ணிக்கைக்கும் ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் நிற்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து வெளியே வாருங்கள்.

வானிலைச் செய்தியையும் பாருங்கள். முந்தின நாள் செய்தியில் "ஓரிரு இடங்களில் மழை" என்று வரும். மழை அளக்கும் நிலையங்கள் 100 இருந்தால் 25 அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யும் என்று அதற்குப் பொருள். உங்கள் தெரு அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வண்ணத்திலும் எச்சரிக்கை தருவார்கள். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போ. வானிலை நிலையத்தார் ராடார் பார்த்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கும் எச்சரிக்கை தருகிறார்கள். கோடை மழைக்கு இதுதான் அதிகம் உதவும். பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவை கைப்பேசியில் பார்த்தால் மாலையைத் தீர்மானிக்கலாம். 'தாமினி' என்ற செயலி பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

மருத்துவமனைக்குப் போகிறவர்கள் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள். சீட்டுகளையும் ஸ்கேன் படங்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். மை கரைந்தால் மருந்தின் பெயர் போய்விடும். கண் அறுவை செய்தவரை மாலை மழையில் ஆட்டோவில் அழைத்துப் போக வேண்டாம். அழுக்குத் தண்ணீர் கண்ணில் தெறிக்கக் கூடாது. அன்று இரவு அங்கேயே பக்கத்தில் தங்கிக்கொள்ளுங்கள். இதற்காக ஒரு நாள் செலவுக் காசைத் தனியாக முடிந்து வையுங்கள்.

மழை பெய்தால் பேருந்தும் ஆட்டோவும் நகராது. மெட்ரோ ரயில் தூண்களுக்கு மேல் ஓடுவதால் அதைத் தண்ணீர் தடுக்காது. செகந்திராபாத், நாம்பள்ளி இரண்டு ரயில் நிலையங்களுக்கும் பக்கத்தில் மெட்ரோ நிலையம் உண்டு. சார்மினாருக்கு இல்லை. எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும்.

ஊர் திரும்பும் நாளில் இன்னும் கவனம் தேவை. சென்னைக்கு வரும் ரயில்கள் சில மாலையில்தான் புறப்படுகின்றன. அதே நேரத்தில்தான் மழையும் வரும். பகல் சாப்பாடு முடிந்ததும் நிலையத்துக்குக் கிளம்பிவிடுங்கள். எந்த நிலையம் என்று சீட்டை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். நாம்பள்ளி நிலையத்தின் பெயர் சீட்டில் ஐதராபாத் என்று இருக்கும். சில ரயில்கள் இப்போது செர்லப்பள்ளியிலிருந்து புறப்படுகின்றன. அது ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. புதிய நிலையக் கட்டடம் 2025 ஜனவரியில் திறந்தது. அங்கே மெட்ரோ கிடையாது. மழை நாளில் ஆட்டோக்காரர் கூடுதலாகவும் கேட்பார். இரண்டு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டால் பேரம் பேசவும் நேரம் இருக்கும்.