திறந்து காட்டும் கடிகாரமும் மூடிக்கிடக்கும் பஞ்சாங்கமும்

நெல்லைச் சீமையின் திருமண அழைப்பிதழ்களில் ஒரே நாளுக்குப் பல பெயர்கள் இருப்பதைக் காணலாம். ஆங்கிலத் தேதி ஒன்று, தமிழ் ஆண்டும் மாதமும் நாளும் மற்றொன்று, கி.பி. 825-ஐத் தொடக்கமாகக் கொண்ட கொல்லம் ஆண்டு வேறொன்று. ஆறுகள் மூன்று கூடுமிடம் முக்கூடல் என்றால், காலக்கணக்குகள் மூன்று கூடுமிடம் அந்த அழைப்பிதழ்.

இத்தனை கணக்குகளையும் நாம் பயன்படுத்துகிறோம். எதையும் போட்டுப் பார்ப்பதில்லை. நாள்காட்டியில் தாளைக் கிழிக்கிறோம், கைப்பேசியைப் பார்க்கிறோம். ஆனி மாதத்துக்கு 32 நாள் வருவதும், மார்கழி 29 நாளில் முடிந்துவிடுவதும் ஏன் என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே.

நாள் கணக்கைக் கண்முன்னே திறந்து காட்டும் கருவி ஒன்று உண்டு. 'பெர்பெச்சுவல் காலண்டர்' எனப்படும் நிரந்தர நாள்காட்டி பொருத்திய, 'ஸ்கெலிட்டன்' வகைக் கைக்கடிகாரம் அது. அதன் விலை பல லட்சங்களில் தொடங்கும். சிலவற்றுக்குக் கோடியையும் தாண்டும். அதை வாங்குவோர் வெகு சிலர். ஆனால், அதன் அறிவை வியக்க விலை கொடுக்க வேண்டியதில்லை.

தேதி காட்டும் சாதாரணக் கைக்கடிகாரத்துக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். எனவே, ஆண்டுக்கு ஐந்து முறை அதைக் கையால் திருத்த வேண்டும். நிரந்தர நாள்காட்டிக்கு அந்தத் தேவை இல்லை. பரவலான ஓர் அமைப்பில், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் சிறு சக்கரம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பு 48 மாதங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 31 நாள் கொண்ட 28 மாதங்களுக்கு விளிம்பு வெட்டப்படாமல் இருக்கும். 30 நாள் கொண்ட 16 மாதங்களுக்கு ஆழம் குறைந்த பள்ளம். மூன்று பிப்ரவரிகளுக்கு ஆழமான பள்ளம். லீப் ஆண்டின் பிப்ரவரிக்கு அதைவிடச் சற்றே மேடான பள்ளம்.

ஒரு நெம்புகோலின் மூக்கு அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மூக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அந்த அளவுக்கு மாத இறுதியில் நெம்புகோல் தேதிச் சக்கரத்தைக் கூடுதலாகத் தள்ளும். பிப்ரவரி 28-ஆம் தேதி நள்ளிரவில் 29, 30, 31 மூன்றையும் தாண்டித் தேதி 1-இல் வந்து நிற்கும். மின்கலம் இல்லை, கணினி இல்லை. பள்ளத்தின் ஆழமே நினைவு.

லண்டனைச் சேர்ந்த தாமஸ் மட்ஜ் 1762-ஆம் ஆண்டையொட்டி இத்தகைய பைக்கடிகாரத்தை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் பட்டேக் பிலிப் நிறுவனம், 1898-இல் பெண்களுக்கான பதக்கக் கடிகாரத்துக்கெனச் செய்த இயக்கத்தை 1925-இல் கைக்கடிகாரமாக்கியது. மணிக்கட்டுக்கு வந்த முதல் நிரந்தர நாள்காட்டி அதுவே.

'ஸ்கெலிட்டன்' என்பது அடுத்த படி. இயக்கத்தைத் தாங்கும் தட்டுகளில் தேவையற்ற உலோகத்தை எல்லாம் இழைபோன்ற ரம்பத்தால் அறுத்தெடுத்து, எலும்புக்கூடு போன்ற சட்டத்தை மட்டும் விட்டுவைப்பது. ஓரிடத்தில் கூடுதலாக அறுத்தால் தட்டு வளையும்; சக்கரங்கள் உரசும். கூர்மையான உட்கோணங்களைச் செம்மையாக்க இன்றும் கையில் அரம் பிடித்தாக வேண்டும். நம் பொற்கொல்லர்களுக்குப் புதிதல்லாத பொறுமை அது. பயன், கணக்கு நடப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

பார்க்க முடிவதால் அதன் எல்லையும் தெரிந்துவிடுகிறது. நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் ஆண்டு என்பதே அந்தச் சக்கரம் அறிந்த விதி. நூறால் வகுபட்டும் 400-ஆல் வகுபடாத ஆண்டு லீப் ஆண்டல்ல என்ற 1582-ஆம் ஆண்டின் கிரிகோரியன் திருத்தம் அதில் இல்லை. 2000-ஆம் ஆண்டு 400-ஆல் வகுபட்டதால் சிக்கல் எழவில்லை. 2100-இல் பிப்ரவரி 28-க்கு மறுநாள் அது 29 என்றே காட்டும். மனிதக் கைதான் திருத்த வேண்டும்.

இதே சக்கரத்தால் தமிழ் மாதங்களைக் காட்ட முடியுமா? முடியாது. நம் மாதம், சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். பூமி சூரியனிலிருந்து மிகவும் விலகியிருப்பது ஜூலைத் தொடக்கத்தில்; அப்போது சூரியன் மெதுவாக நகர்வதுபோலத் தோன்றும். ஆனி நீள்வது அதனால்தான். மிக நெருங்கியிருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மார்கழி குறுகுவது அதனால். சூரியன் ராசிக்குள் நுழைவது அஸ்தமனத்துக்கு முன்பானால் அன்றே மாதப் பிறப்பு; பின்பானால் மறுநாள். பொதிகைக்கு அப்பால் கேரளத்தில் பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கே எல்லை. ஆகவே, ஒரே சூரியனுக்கு மலையின் இருபுறமும் மாதப் பிறப்பு ஒரு நாள் மாறுவதுண்டு.

ஆரியபட்டரின் கணக்குப்படி 576 ஆண்டுகளுக்கு 2,10,389 நாள்கள். பருவங்களை ஆளும் ஆண்டைவிட இது சற்று நீளம். ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் விலகும். டிசம்பர் 21-ஐ ஒட்டிச் சூரியன் வடக்கே திரும்பிவிட, உத்தராயணத் தொடக்கமாக நாம் கொள்ளும் தை முதல் நாள் ஜனவரி 14-ஐ ஒட்டி வருவது இந்த விலகலால்தான். நம் 'நிரந்தர' நாள்காட்டிக்கும் எல்லை உண்டு. ஆனால், அது யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

ஒரு காலத்தில் பட்டது. 1825-இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' நூலின் ஆசிரியர் ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, அவ்வாண்டின் மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். எழுத்துகளே எண்களைக் குறிக்கும். கடிகாரத்தில் பள்ளத்தின் ஆழம் செய்யும் வேலையை இங்கே வாக்கியம் செய்தது.

அந்த வாக்கியத்தின் வழிவந்த பஞ்சாங்கம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதன் கணக்கு கிடைப்பதில்லை. ஒரே சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியம் ஒரு தேதியும் திருக்கணிதம் ஒரு தேதியும் சொல்லும்போது, எது ஏன் மாறுபடுகிறது என்று கேட்க நமக்கு வழி இல்லை. நம்பலாம் அல்லது நம்பாமல் விடலாம், சரிபார்க்க முடியாது.

பஞ்சாங்கம் வெளியிடுவோர், தாங்கள் கொண்ட ஆண்டின் நீளத்தையும் மாதப் பிறப்பின் விதியையும் இரண்டு பக்கத்தில் அச்சிடலாம். 2,10,389-ஐ 576-ஆல் வகுப்பது பள்ளி மாணவருக்கு எட்டாத கணக்கல்ல. கணிதப் பாடத்தில் அது இடம்பெறலாம். உலோகத்தை அறுத்துக் கணக்கைக் காட்ட அங்கே கோடி ரூபாய் ஆகிறது. இங்கே ஆகும் செலவு இரண்டு தாள்.