பொருநைக் கணக்கு – 17: குட்டை அணையின் கூடுதல் தண்ணீர்

பாபநாசம் மின்நிலையத்தோடு போன வாரம் நிறுத்தினோம்: 1944 முதல் மின்சாரம் எடுத்துக்கொண்டு, தண்ணீரைத் திரும்பத் தாமிரபரணி ஆற்றிலேயே விடுகிற ஏற்பாடு. இந்த வாரம் மணிமுத்தாறு அணைக்காக விடாமல் நின்ற கே.டி. கோசல்ராமின் முறை.

அவரிடம் போகுமுன் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். பாபநாசம் அணை 143 அடி. கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. மணிமுத்தாறு 118 அடி, கொள்ளளவு 5,511. இருபத்தைந்து அடி குட்டையான அணைக்குப் பதினோரு மில்லியன் கன அடி கூடுதல்! நெல்லை வண்ணார்பேட்டை டீக்கடையில் “டேம்ல எவ்வளவு கெடக்கு அண்ணாச்சி?” என்று கேட்டால் பதில் அடியில்தான் வரும். பேப்பரிலும் அடிதான் முன்னால் நிற்கும். அதனால் பாபநாசம் பெரிய அணை, மணிமுத்தாறு அதன் தம்பி என்றே நம் ஊரில் பலருக்கு நினைப்பு. ஆனால் பாபநாசம் மலை இடுக்கில் ஒடுங்கி உயர்ந்தது. மணிமுத்தாறு அடிவாரத்தில் நீண்டு அகன்று கிடக்கிறது. தண்ணீர் பரவ இடம் இருக்கிறது.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். பாபநாசத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மணிமுத்தாறு பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே நிரம்புகிறது. கார் சாகுபடிக்கு ஜூனில் பாபநாசத்தைத் திறக்கும்போது மணிமுத்தாறு காத்துக்கொண்டிருக்கும். ஆக, அணை இல்லாத காலத்தில் மணிமுத்தாறு முக்கியமாகப் பெருகியதே அது போய்ச் சேரும் தாமிரபரணி ஏற்கெனவே கரைபுரளும் மாதங்களில்தான். வந்த வெள்ளத்தில் பெரும்பங்கு புன்னைக்காயலில் கடலுக்குப் போனது.

கோசல்ராமின் ஊர் ஆறுமுகநேரி. புன்னைக்காயல் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஒரு பக்கம் கடலில் சேரும் வெள்ளம். இன்னொரு பக்கம் சாத்தான்குளம், நாங்குநேரி என்று வானம் பார்த்த பூமி, செம்மண் தேரி. மணிமுத்தாறு அணைக்காக அவர் அத்தனை பிடிவாதமாக நின்றதற்கு இந்த இரண்டு காட்சிகளுமே காரணம் என்று நான் நம்புகிறேன். காமராஜர் ஆட்சியில், 1950களின் பிற்பகுதியில் அணை முடிந்தது. 1977-ல் திருச்செந்தூர் எம்.பி. ஆன கோசல்ராம், 1985-ல் மறையும்வரை அந்தத் தொகுதியின் எம்.பி.யாகவே இருந்தார். தென்மாவட்டத்தில் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முதலில் சொல்வது அணையைத்தான்.

அணை கட்டுவதைவிடக் கடினம், பங்கு பிரிப்பது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், பதினோரு கால்வாய்கள், சுமார் 86,000 ஏக்கர் பழைய பாசனம். ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் வெள்ளைக்காரர் காலத்துக்கு முந்தியவை. அந்த உரிமைக்குக் கை வைக்காமல் புதிய பூமிக்குத் தண்ணீர் தர வேண்டும். மணிமுத்தாறு பிரதானக் கால்வாயை நான்கு ரீச்சாகப் பிரித்து, ஓராண்டு ஒன்று, இரண்டுக்கு முன்னுரிமை, அடுத்த ஆண்டு மூன்று, நான்குக்கு என்று மாற்றிவிடுகிறார்கள். மழை பொய்த்த வருஷத்தில் கடைசி ரீச் விவசாயி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுவோடு நிற்கிறார். அணையைக் கேட்டு வாங்கிய தலைமுறை போய்விட்டது. அந்த மனுவை அரசாணையாக மாற்றுவதற்குச் சட்டமன்றத்தில் விடாமல் பேசுகிற ஆள் இப்போதும் வேண்டும். மூன்றாம், நான்காம் ரீச்சுக்காக வருஷா வருஷம் எழுந்து கேட்பது அணை கட்டுவதற்குக் கொஞ்சமும் குறைந்த வேலையில்லை.

டெல்லியில் கோசல்ராம் செய்தவற்றையும் இந்த வாரமே எழுதுவதாக இருந்தேன். பதினோரு மில்லியன் கன அடி இடத்தைப் பிடித்துக்கொண்டது. டெல்லிக் கதைக்கு முன்னால் அடுத்த வாரம், அதே வெள்ள நீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து சாத்தான்குளம் எம்.எல். தேரி வரை கொண்டுபோக 2009-ல் 369 கோடி ரூபாயில் தொடங்கிய தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்பு.