செலரியில் நார் வேறு, குழாய் வேறு

வண்ணம் கரைத்த நீரில் செலரிக் காம்பை நிறுத்தி வைத்தால், சில மணி நேரத்தில் இலை நரம்புகளில் அந்த நிறம் ஏறியிருக்கும். செடி நீர் குடிப்பதைக் காட்டப் பள்ளிகளில் செய்யும் சோதனை இது. சோதனை நல்லதுதான், ஆனால் பல்லில் சிக்கும் நாரே நீர் போகும் குழாய் என்ற தவறான எண்ணமும் அதோடு மனதில் ஒட்டிக்கொள்கிறது. நாரை உரித்தால் நிறமும் சேர்ந்து வருகிறதே என்று ஒரு மாணவர் கேட்கலாம். சில சமயம் வரும். உள்ளிருக்கும் நீர்க்குழாய்க் கற்றையும் ஒட்டிக்கொண்டு வருவதுதான் காரணம். காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும். நிறப் புள்ளிகள் சற்று உள்ளே இருக்கும், அவை சைலம் குழாய்கள். வெளி வரம்புகளில் தோலை ஒட்டி நிறமேறாமல் நிற்கும் நார்தான் கோலங்கைமா. செல்களின் மூலைச் சுவர்கள் தடித்த, உயிருள்ள தாங்குதிசு அது. காம்பு நீளும்போது தானும் நீண்டுகொடுக்கும். தாவர உடற்கூறு அறிஞர் கேத்தரின் ஈசா 1936இல் இவ்விரண்டையும் ஆராய்ந்து, இழுவையைத் தாங்குவதில் கோலங்கைமா இழைகளே வலியவை என்று காட்டினார்.

தோட்டமும் இதையே சொல்கிறது. காற்றில் அசைந்து வளர்ந்த செலரியில் கோலங்கைமா கூடுவதை 1949இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. நார் வெறும் நீர்க்குழாயாக இருந்தால் காற்றுக்காக அது ஏன் பருக்க வேண்டும்? அப்படியானால், நீர் குறைந்த பாத்தியில் விளைந்த செலரி நாராக இருப்பது எதனால் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செலரியின் காட்டு மூதாதை சதுப்பு நிலத்துச் செடி. வேர் ஆழம் போகாது. மேல்மண் காய்ந்தால் முதலில் வாடுவது அதுதான். அப்போது நார்களுக்கு இடையிலுள்ள மென்திசு நன்றாக உப்புவதில்லை. சதை குறைந்த காம்பில் நார்தான் பல்லுக்குத் தட்டுப்படும்.

கடிக்கும்போது எழும் ‘நறுக்’ ஓசையும் இந்த மென்திசுவின் வேலைதான். காம்பின் எடையில் சுமார் 95 சதவீதம் நீர். ஒவ்வொரு செல்லும் அந்த நீரால் விம்மிச் சுவரை அழுத்துவதால்தான் காம்பு விறைத்து நிற்கிறது. துவண்ட காம்பைக் குளிர்ந்த நீரில் போட்டால் செல்கள் சவ்வூடு பரவலால் நீரை இழுத்து மீண்டும் விறைக்கின்றன. உப்பைத் தூவினால் நீர் வெளியேறித் தொய்கின்றன. இரண்டிலும் நாரில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே சாலட்டுக்கு நறுக்கும்போது முதுகுப்புற நாரைத் தயங்காமல் சீவிவிடலாம், மொறுமொறுப்பு போகாது.